மோரிப்பில் தூண்டிலும் நண்டும்: அப்பாவோடும் பிள்ளைகளோடும் வருகிறோம், வழி சொல்லுங்கள்

பகாவ்_கவிதா

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் சிலாங்கூர் கடற்கரைப் பக்கம், பந்திங், மோரிப் ஆட்கள் இங்கே நிறைய இருப்பதால் கேட்கிறேன்.

எங்கப்பா நெகிரி செம்பிலான் பகாவ் பக்கம் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். முதலில் ரப்பர் பால்மரம் சீவினார், தோட்டம் செம்பனைக்கு மாறியதும் குலை வெட்டினார். ஞாயிறு வந்தால் மூங்கில் கம்பும் டப்பாவில் மண்புழுவுமாக ஆற்றுக்குப் போய்விடுவார். விரால் எங்கே ஒதுங்கும், கெளுத்தி எங்கே நிற்கும் என்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே சொல்லுவார். கடலில் மட்டும் தூண்டில் போட்டதே இல்லை. இப்போது வயது 70 தாண்டிவிட்டது. "கடல் மீனு எப்படி இழுக்கும்னு ஒரு வாட்டி பார்த்துடணும்"னு தீபாவளிக்குச் சொன்னார்.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கு மோரிப்பில் அறை பார்க்கிறோம். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 8. தேதி இன்னும் முடிவாகவில்லை. வீட்டில் இருக்கிற ஆற்றுக் கம்பு போதுமா? இரைக்கு என்ன வாங்குவது? நண்டு பிடிக்க வேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள், அது கரையிலிருந்து முடியுமா? அப்பாவுக்கு முழங்கால் வலி, சேற்றில் நடக்க முடியாது.

தூண்டில்_சேகர்

வாங்க கவிதா. கம்பு, மெசின் (நரம்பு சுற்றும் சக்கரம்) பேச்சு அப்புறம். முதலில் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியை எடுங்கள். அமாவாசை, பௌர்ணமி, அஷ்டமி எந்தத் தேதிகளில் விழுகிறது என்று குறித்துக்கொண்டு, பிறகு அறையைப் போடுங்கள். பந்திங்கில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மோரிப்பில் மீன் கிடைப்பதும் கிடைக்காததும் பாதிக்கு மேல் அதில்தான் இருக்கிறது.

நம் மேற்குக்கரையில் நாளுக்கு இரண்டு தடவை தண்ணீர் ஏறும், இரண்டு தடவை இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த ஏற்றமும் வற்றமும் மிகப் பெரிதாக இருக்கும். உச்சம் அன்றைக்கே வராது, ஓரிரு நாள் கழித்து வரும். கிள்ளான் துறைமுகத்தில் அந்த நாட்களில் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 4 மீட்டர் வித்தியாசம். மோரிப்பும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் அதில் பாதிகூட இருக்காது, தண்ணீர் சோம்பிக் கிடக்கும்.

நேரத்தையும் கவனியுங்கள். பெரிய தண்ணீர் நாட்களில் இங்கே ஏற்றம் காலை, மாலை 6, 7 மணியை ஒட்டி வரும். அப்படியென்றால் நண்பகலிலும் அதற்குச் சற்றுப் பின்னும் அடிமட்டம். கோலாலம்பூரிலிருந்து சாப்பாட்டு நேரத்துக்கு வந்து இறங்குகிறவர்கள் கடல் எங்கே போச்சு என்று பார்த்துவிட்டுத் திரும்புவது இதனால்தான். அவர்கள் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை சேறுதான். அதே ஆட்கள் மாலை 5 மணிக்கு வந்திருந்தால் கற்சுவர்வரை அலை அடிப்பதைப் பார்த்திருப்பார்கள். ஒவ்வொரு நாளும் இந்த நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் பின்தள்ளிப் போகும். சரியான நேரத்துக்குக் கடற்படையின் கீழ் இயங்கும் தேசிய ஹைட்ரோகிராபி மையம் ஆண்டுதோறும் அட்டவணை போடுகிறது. கைப்பேசியில் பார்ப்பதானால் கிள்ளான் துறைமுகம் என்று தேர்ந்தெடுங்கள்.

பிள்ளைகள், பெரியவர் இருக்கிற குடும்பத்துக்கு நான் சொல்வது: பௌர்ணமி கழிந்து இரண்டாம், மூன்றாம் நாள் மாலை. தண்ணீர் ஏறத் தொடங்கி இரண்டு மணி நேரம் ஆனபின் உட்காருங்கள், ஏற்றம் முடிந்து தண்ணீர் திரும்பும்வரை போடுங்கள். வெயிலும் இறங்கியிருக்கும். சேற்றில் ஒரு காலடிகூட வைக்க வேண்டியதில்லை, மீன்தான் சேற்றைத் தாண்டி உங்களிடம் வரும்.

கிள்ளான்_மணியம்

சிஸ்டர், எதுக்கு மோரிப்? பேசாம போர்ட்டிக்சன் போங்க. பகாவுக்கும் பக்கம், மணல் இருக்கு, தண்ணி தெளிவு, பிள்ளைங்க குளிக்கலாம்.

தூண்டில்_சேகர்

குளிக்கப் போர்ட்டிக்சன் நல்லதுதான் அண்ணே, நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் அப்பா கேட்டது மீன் இழுப்பதை. லங்காட் ஆறு கலக்கும் இந்தச் சேற்றுக்கரையில் இறாலும் புழுவும் அவ்வளவு இருக்கிறது, அதைத் தின்ன மீன் வருகிறது. கலங்கல் தண்ணீரைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள்.

ராணி_அக்கா_பந்திங்

கவிதா, நான் மோரிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள். சேகர் தம்பி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், அம்மா என்ற முறையில்.

இந்தச் சேற்றைச் சாதாரணமாக நினைக்காதே. 1945 செப்டம்பர் 9ஆம் தேதி பிரிட்டிஷார் மலாயாவுக்குத் திரும்பி வந்தபோது மோரிப்பில்தான் படையை இறக்கினார்கள். வந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் நம் இந்தியப் படைப்பிரிவு ஆட்கள். ஜப்பான்காரன் அதற்கு முன்பே சரணடைந்துவிட்டதால் சண்டை இல்லை. ஆனாலும் லாரியும் ஜீப்பும் வரிசையாகச் சேற்றில் புதைந்து நின்றன. எதிரில் துப்பாக்கி இருந்திருந்தால் அந்த ஆட்களின் கதி என்ன என்று நினைத்தாலே எனக்கு மனசு பதறும். அவ்வளவு பெரிய படையையே இழுத்துப் பிடித்த சேறு இது.

தண்ணீர் வற்றியிருக்கும்போது மேலே பார்க்கக் கெட்டியாகத் தெரியும். நூறு அடி நடந்தபின் முழங்கால்வரை உள்ளே போகும். அதைவிட ஆபத்து, தண்ணீர் ஏறும்போது முன்னால் இருந்து மட்டும் வராது. வாய்க்கால் போன்ற பள்ளங்களில் முதலில் நிறைந்து, நமக்கும் கரைக்கும் நடுவே புகுந்துவிடும். பிள்ளைகள் சிப்பி பொறுக்கிக்கொண்டே தூரம் போய்விடுவார்கள். கரையைப் பார்த்துக்கொண்டு ஒரு பெரியவர் எப்போதும் கூடவே இருக்க வேண்டும். வற்றம் முடிந்து தண்ணீர் திரும்புகிற நேரத்தில் எல்லாரும் மேலே வந்துவிட வேண்டும். இதில் மட்டும் பிள்ளைகள் கெஞ்சினாலும் இளகாதே.

பகாவ்_கவிதா

ராணி அக்கா, நன்றி. நாட்காட்டி பார்த்துவிட்டேன், பௌர்ணமிக்கு மறுநாள் வந்து இறங்குவதாக அறை போட்டாயிற்று. இப்போது கம்பு பற்றிச் சொல்லுங்கள் சேகர் அண்ணே. வீட்டில் 6 அடிக் கம்பு ஒன்று, சின்ன மெசின் ஒன்று இருக்கிறது.

தூண்டில்_சேகர்

6 அடிக் கம்பு பாலத்திலோ படகுத்துறையிலோ நேராகக் கீழே விடுவதற்குப் போதும். கற்சுவரிலிருந்து எறிய வேண்டுமானால் 10 முதல் 12 அடிவரை ஒன்று வேண்டும். அப்பாவுக்கு அதை வாங்குங்கள், பிள்ளைகள் சின்னதை மாற்றி மாற்றிப் பிடிக்கட்டும். விலை உயர்ந்தது வேண்டாம். உப்புத்தண்ணீர் எதையும் அரித்துவிடும், திரும்பி வந்ததும் கம்பையும் மெசினையும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காய வைப்பதுதான் முக்கியம்.

நரம்பு 20 பவுண்டு, சாதா நைலான். பின்னல் நரம்பு வேண்டாம், சிக்கினால் பிள்ளைகள் விரலை அறுக்கும். கடைசியில் 'அப்பொல்லோ' கட்டுங்கள், கடையில் கட்டியே விற்கிறது. அடியில் ஈயம், அதற்கு மேலே பக்கவாட்டில் இரண்டு முள். ஈயம் தரையில் கிடக்கும், இரை சேற்றுக்குச் சற்று மேலே ஆடிக்கொண்டிருக்கும். நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் இருக்க நடுவே ஒரு கிலி-கிலி, அதாவது சுழலும் வளையம். பெரிய தண்ணீர் நாட்களில் இழுப்பு அதிகம், 60 கிராம் ஈயம் உருண்டு போகும். 90 கிராம் ஒன்றிரண்டு பையில் இருக்கட்டும்.

முள்ளைப் பெரிதாக வாங்காதீர்கள். ஆற்றில் விராலுக்குப் போடுகிற முள்ளைப் பார்த்துப் பழகிய அப்பாவுக்கு இது சின்னதாகத் தெரியும். ஆனால் கரையில் அதிகம் கிடைப்பது கத்தாளை, அதான் கெலாமா. அதன் வாய் சின்னது. முள்ளில் ஒரு பெரிய கொடுவா ஏறிவிட்டால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள். ஏறட்டும், மெசின் பிடியைத் தளர்த்தி விட்டுக்கொடுத்து இழுக்க வேண்டியதுதான்.

இரைக்கு மூன்று இருக்கிறது. உயிர் இறால் கொடுவாவுக்கு, வால் பக்கம் மெல்லக் குத்தினால் நெடுநேரம் துள்ளும். பும்புன் புழு, சேற்றில் தோண்டி எடுப்பது, தூண்டில் கடையில் விற்பார்கள், கத்தாளைக்கும் கிழங்கானுக்கும் அதற்கு மிஞ்சி எதுவும் இல்லை. தலைப் பக்கம் கிள்ளும், மகளிடம் சொல்லி வையுங்கள். கணவாய்த் துண்டு மூன்றாவது. டூரிக் கெளுத்தியும் குட்டி நண்டும் கொத்திக் கொத்தி இறாலைக் காலி செய்கிற நேரத்தில் கணவாய்தான் முள்ளில் நிற்கும். பாசாரில் வாங்கிய செத்த இறாலும் வேலை செய்யும், தோலை உரித்துப் போடுங்கள்.

முதல் கத்தாளை வந்ததும் பிள்ளைகளைக் கிட்டக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். கையில் எடுத்தால் கரகர என்று சத்தம் போடும், காற்றுப்பையைத் தசையால் அதிர வைத்து வருகிற சத்தம் அது. சமைத்தபின் தலையைப் பிளந்தால் உள்ளே இரண்டு வெள்ளைக் கல் இருக்கும், காதுக்கல். என் மகள் அதை ஒரு தீப்பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறாள்.

சிப்பாட்_குமரன்

அக்கா, தாத்தாவுக்கு முழங்கால் வலி என்றால் ஒரு மாலை தஞ்சோங் சிப்பாட் வந்துவிடுங்கள். மோரிப்பிலிருந்து கரையோரமாகவே தெற்கே வந்தால் போதும். கடலுக்குள் நீளும் பாலம் இருக்கிறது, காதலர் பாலம் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டால் எறியவே வேண்டாம், நேராகக் கீழே விட்டால் போதும். பக்கத்தில் சீனப் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எந்தத் தூண் ஓரம் மீன் நிற்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஒரு வணக்கம் சொல்லிக் கேட்டால் மறைக்காமல் காட்டுவார்கள், நான் பையனாக இருந்தபோது அப்படிக் கற்றதுதான் எல்லாமே. சனி, ஞாயிறு மாலை கூட்டம் அதிகம், பின்னால் ஆள் நடக்கும்போது கம்பை வீசக் கூடாது. ஊருக்குள் பாவ் (ஆவியில் வேகவைத்த சீன பன்) கடைகள் இருக்கின்றன, சுடச்சுட வாங்கிக்கொண்டு பாலத்துக்குப் போங்கள்.

கேரித்தீவு_பையன்

நண்டு பேச்சை யாரும் எடுக்கவில்லையே. நான் கேரித்தீவுத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன், அப்பா இன்னும் அங்கேதான். தங்கச்சி கேட்டதால் விவரமாகச் சொல்கிறேன்.

நம் பக்கத்து நண்டு களி நண்டு, மலாயில் கெத்தாம் பங்காவ் என்றும் நிப்பா என்றும் சொல்வது. பாக்காவ் மரக்காட்டுச் சேற்றில், அதாவது அலையாத்திக் காட்டில், வளை தோண்டி இருக்கும். தண்ணீர் ஏறும்போது வளையை விட்டு இரை தேடி வாய்க்கால் ஓரமாக ஏறி வரும். அதனால் நண்டுக்கும் பெரிய தண்ணீர்தான் நல்லது, அஷ்டமியில் போய்ச் சும்மா உட்காராதீர்கள்.

பிடிக்க 'பிந்தோர்' வேண்டும். சதுர வலை, அதன் நாலு மூலையையும் பிடித்துக் குறுக்கே வளைத்த இரண்டு குச்சி, நடுவில் இரையைக் கட்டும் இடம், மேலே பிடித்துத் தூக்க நீளமான கோல். அவ்வளவுதான். வாய்க்கால் ஓரத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கும்போதே இடைவெளி விட்டு நட்டுவிட வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை வரிசையாகப் போய்த் தூக்கிப் பார்க்க வேண்டும். தூக்குவதில்தான் எல்லாம். மெல்லத் தூக்கினால் நண்டு இறங்கி ஓடும். ஒரே மூச்சில் மேலே கொண்டுவர வேண்டும். கடையில் மடக்கு வலைக்கூண்டும் விற்கிறது, அதில் நுழைந்த நண்டு எளிதில் வெளியே வராது, எட்டு வயதுப் பிள்ளைக்கு அது சுலபம்.

இரைக்குத் திருக்கைத் துண்டு முதல் தரம். நாற்றம் தூரம் போகும், தோல் தடிப்பு, நண்டு கிழித்துத் தின்ன நேரம் ஆகும். இல்லையென்றால் கோழிக்கழுத்து.

கையில் எடுப்பதற்கு மட்டும் அவசரப்படாதீர்கள். களி நண்டின் கொடுக்கு விரலை நசுக்கிவிடும். ஒரு குச்சியால் முதுகை அழுத்தி, பின்பக்கத்திலிருந்து, துடுப்புப் போல் இருக்கும் கடைசிக் கால்களின் அடியில் பிடித்துத் தூக்க வேண்டும். பிறகு கொடுக்குகளை மடக்கி ராஃபியா கயிற்றால் கட்ட வேண்டும். முதல் நாள் பிள்ளைகள் கைவைக்க வேண்டாம், பார்க்கட்டும்.

ஒரு விஷயம் மனதார சொல்கிறேன். கேரித்தீவுக்கு உள்ளே வர நினைத்தால், தீம்பார் (தோட்டத்து மரங்கள் நிற்கும் பகுதி) வழி போகிற பாதையெல்லாம் தோட்டத்துடையது, கேட்டில் அனுமதி கேளுங்கள். கரையோரச் சதுப்பில் மா மேரி மக்கள் தலைமுறை தலைமுறையாக நண்டு பிடிக்கிறார்கள். முகமூடி செதுக்குகிறவர்கள் என்று அவர்களைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். கடற்கரையில் முன்னோருக்குப் படைக்கும் பூஜா பந்தாய் அவர்களுக்குப் பெரிய நாள். அவர்கள் பிந்தோர் நட்டிருக்கிற வாய்க்காலில் நாம் போய் நடக் கூடாது, அவர்கள் வைத்ததைத் தூக்கிப் பார்க்கவும் கூடாது. கிராமத்தில் போய்க் கேட்டால் யாராவது கூட வருவார்கள். கூட வந்தவருக்கு அதற்குரிய காசைக் கொடுத்துவிடுங்கள், பேரம் பேசாதீர்கள்.

கிள்ளான்_மணியம்

முட்டை நண்டு கிடைச்சா விட்டுடாதீங்க சிஸ்டர். கடையில அதுக்குத்தான் விலை. ஆரஞ்சு நிறத்துல உள்ளே கெட்டியா இருக்குமே, அதைச் சாப்பிடாம நண்டு சாப்பிட்டேன்னு சொல்லவே கூடாது.

ராணி_அக்கா_பந்திங்

மணியம் அண்ணே, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனாலும் பெண் நண்டை எடுக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் வீட்டு ஆள் மாலையில் போய் இரவுச் சாப்பாட்டுக்கு நண்டு கொண்டு வருவார். இப்போது நாள் முழுக்கக் காத்திருந்தாலும் அப்படிக் கிடைப்பதில்லை. பாக்காவ் காடு எவ்வளவு அழிந்துவிட்டது என்று நீங்களே பார்த்திருக்கிறீர்கள். மிச்சம் இருப்பதை நாம்தான் பாதுகாக்க வேண்டும்.

கிள்ளான்_மணியம்

நானும் காட்டை அழிக்கச் சொல்லலையே ராணி. கப்பல் துறைமுகம், தொழிற்சாலை, இறால் குளம்னு காட்டை வெட்டினவங்க வேற. ஒரு குடும்பம் விடுமுறைக்கு வந்து ரெண்டு நண்டு தின்னா கடல் காலியாயிடுமா?

கேரித்தீவு_பையன்

அண்ணே, அக்கா, இரண்டு பேர் பேசுவதும் இரண்டு வேறு முட்டை. அதைப் பிரித்துச் சொன்னால் கவிதா அக்காவுக்கு உதவும்.

நண்டைத் திருப்பி வயிற்று மடலைப் பாருங்கள். ஒடுக்கமாக முக்கோணமாக இருந்தால் ஆண். அகலமாக வட்டமாக இருந்தால் முதிர்ந்த பெண். களி நண்டில் மணியம் அண்ணன் சொல்கிற ஆரஞ்சு நிறக் கெட்டி, ஓட்டுக்கு உள்ளே இருக்கும் சினை. அது இன்னும் வெளியே வரவில்லை. களி நண்டு முட்டையை வெளியே விட ஆழக்கடல் பக்கம் போய்விடும், அதனால் கரையில் முட்டை வெளியே தெரியும் களி நண்டை நாம் பார்ப்பது அபூர்வம். பூ நண்டு, மலாயில் கெத்தாம் புங்கா, அப்படி இல்லை. மடலுக்கு வெளியே பஞ்சுபோல் முட்டை ஒட்டியிருக்கும். முதலில் ஆரஞ்சு, பொரிக்கும் நாள் நெருங்க நெருங்க சாம்பல், கறுப்பு. ஒரு நண்டில் பல லட்சம் முட்டை. அதைக் கையில் எடுத்த உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும், இதில் இரண்டாம் பேச்சே இல்லை.

சினை நண்டைப் பற்றி என் முடிவு: உள்ளே சினை நிறைந்த பெண் கடலுக்குப் போகத் தயாராக இருக்கிற நண்டு. அதைத் தின்றால் அந்த லட்சங்களையும் சேர்த்துத்தான் தின்கிறோம். ஆண் நண்டில் சதை அதிகம், கொடுக்கும் பெரிது. குடும்பத்துக்கு ஆண் நண்டு போதும். ஓடு உள்ளங்கையைவிடச் சின்னதாக இருந்தால் ஆணையும் விட்டுவிடுங்கள். தூக்கிப் பார்த்து இலேசாக இருந்தாலும் விடுங்கள், புதிதாகச் சட்டை உரித்த நண்டு அது, உள்ளே தண்ணீர்தான் இருக்கும்.

தூண்டில்_சேகர்

தம்பி சொன்னதற்கு மீனிலும் ஒரு கணக்கு உண்டு. கொடுவா முதலில் ஆணாகத்தான் வளரும், பெரிதானபின் பெண்ணாக மாறும். ரொம்பப் பெரிய கொடுவா என்றால் அநேகமாகத் தாய் மீன். படம் எடுத்துக்கொண்டு அதை விட்டுவிடுகிற பழக்கம் இப்போது தூண்டில்காரர்களிடம் வருகிறது, எனக்கு அது பெரிய சந்தோஷம்.

கிள்ளான்_மணியம்

வெளி முட்டை நண்டை நானும் விட்டுடுவேன், அதுல எனக்குச் சண்டை இல்லை. சினை நண்டு விஷயத்துல என் மனசு இன்னும் மாறலை. ஆனா பிள்ளைங்க கூட வர்றாங்க, அவங்க பார்த்துக் கத்துக்கிற நேரம். கவிதா, தம்பி சொன்னபடியே செய்யுங்க.

டிரசர்_மகன்

தோட்டத்து ஆஸ்பத்திரியில் அப்பா டிரசர், நான் இப்போது கிளினிக்கில் மருத்துவ உதவியாளர். விடுமுறை நாட்களில் கடற்கரையிலிருந்து வருகிற கேஸ்களைப் பார்ப்பதால் இதை எழுதுகிறேன். யாரையும் பயமுறுத்த அல்ல.

செம்பிலாங் என்கிற கெளுத்தி இங்கே நிறைய. ஆற்றுக் கெளுத்தி பிடித்துப் பழகிய உங்கள் அப்பா அதே பழக்கத்தில் கைவைக்கக் கூடும், முன்பே சொல்லிவிடுங்கள். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள், மூன்றிலும் விஷம். வலி தாங்க முடியாது. குத்திவிட்டால் காயத்தைக் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். சுடுதண்ணீரில், தோல் வெந்துபோகாமல் தாங்கக்கூடிய சூட்டில், ஏறக்குறைய 45 டிகிரியில், 30 முதல் 90 நிமிடம்வரை முக்கி வையுங்கள். குத்துப்படாத கையால் சூட்டைச் சோதித்துப் பாருங்கள், குத்திய கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. பிறகு கிளினிக். முள் உள்ளே முறிந்திருக்கலாம், டெட்டனஸ் ஊசியும் தேவைப்படும். திருக்கை கொட்டினாலும் இதே முதலுதவி. ஆழமாகக் குத்தியிருந்தாலோ, நெஞ்சிலோ வயிற்றிலோ பட்டிருந்தாலோ நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள், முள்ளைப் பிடுங்காதீர்கள். ஒரு பிளாஸ்கில் கொதிநீர் எடுத்துப் போங்கள், பச்சைத் தண்ணீர் கலந்து கொள்ளலாம். தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நகர்த்தினால் திருக்கை விலகி ஓடும்.

புந்தால், அதாவது பேத்தை மீன், தூண்டிலில் ஏறினால் பிள்ளைகளுக்கு வேடிக்கையாக ஊதும். பார்த்துவிட்டு விடுங்கள். எவ்வளவு வேக வைத்தாலும் அதன் விஷம் அழியாது. பெலாங்காஸும் அப்படியே. குதிரைக்குளம்பு வடிவத்தில், நீளமான ஊசி வாலோடு இருக்குமே, அது. வால் உருண்டையாக இருக்கும் இனத்தில் பேத்தை மீனில் இருக்கும் அதே விஷம் உண்டு. அதைத் தின்று உயிர் போனவர்கள் உண்டு. முக்கோண வால் இனம் சாப்பிடலாம் என்பார்கள், இரண்டையும் குழப்பிக்கொள்ள ஒரு நொடி போதும். எதையும் சாப்பிட வேண்டாம். ஆனால் அந்த வால் கொட்டாது. கவிழ்ந்து கிடந்தால் ஓட்டின் ஓரத்தைப் பிடித்து நிமிர்த்தி விடுங்கள். அதன் இரத்தம் நீல நிறம், செம்பு கலந்திருப்பதால். ஊசி மருந்துகளில் கிருமிநஞ்சு இருக்கிறதா என்று சோதிக்க இந்த வகை உயிரிகளின் இரத்தத்திலிருந்து எடுத்த பொருளை உலகின் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள், மறக்க மாட்டான்.

சிப்பி பொறுக்குவது விளையாட்டோடு நிற்கட்டும். 2024 ஏப்ரலில் போர்ட்டிக்சன் கடல் சிப்பி சாப்பிட்டவர்கள் நோய்வாய்ப்பட்டு, அங்கே எடுத்த சிப்பிகளைச் சாப்பிட வேண்டாம் என்று மீன்வளத்துறை அறிவித்தது ஞாபகம் இருக்கும். கடலில் நச்சுப்பாசி பெருகும்போது சிப்பி அதை வடிகட்டி உடம்பில் சேர்த்து வைக்கும். வேக வைத்தாலும் போகாது, பார்வைக்கும் தெரியாது.

மின்னல் ஒன்று பாக்கி. டிசம்பரில் கிழக்குக்கரைபோல் பருவக்காற்று நம்மை அடிக்காது, நடுவில் தித்திவாங்சா மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. ஆனால் மாலை இடிமழை உண்டு. கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். இடிச் சத்தம் கேட்டதும் கம்பைக் கீழே போட்டுவிட்டுக் காருக்குள் போய்விட வேண்டும், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் சரி.

பகாவ்_கவிதா

மோரிப்பிலிருந்து எழுதுகிறேன், நாளைக் காலை கிளம்புகிறோம்.

சேகர் அண்ணே, நீங்கள் சொன்னபடி நாங்கள் வந்து இறங்கிய நேரம் கடலே இல்லை, மகன் முகம் வாடிவிட்டது. மாலையில் சுவர்வரை தண்ணீர் வந்ததும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். கம்பை எறியக் கொஞ்ச நேரத்தில் பழகிக்கொண்டார். முதல் கத்தாளை வந்ததும் மகள் காதைக் கிட்ட வைத்துக் கேட்டாள். இரண்டாம் மாலை சிப்பாட் பாலத்தில் ஒரு சீனத் தாத்தா அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் தெரிந்தது பாசார் மலாய்தான், ஆனால் இரவு வரை பேச்சு ஓயவில்லை. அவர் காட்டிய தூணோரம் விட்டதில் அப்பாவுக்கு ஒரு கொடுவா ஏறியது. "ஆத்து விரால் முட்டும், இது இழுத்துக்கிட்டு ஓடுது"ன்னு திரும்பத் திரும்பச் சொல்கிறார். செம்பிலாங்கும் வந்தது, துணியால் போர்த்தி நரம்பை வெட்டிவிட்டோம்.

கேரித்தீவுத் தம்பி, கிராமத்தில் கேட்டு ஒருவர் துணைக்கு வந்தார். ஆண் நண்டு மூன்று கிடைத்தது, சினை நண்டு ஒன்றை மகளே விடச் சொன்னாள். மூன்றையும் கட்டி வைத்திருக்கிறோம். பகாவில் என் அம்மா கையால் பெரட்டல் செய்ய வேண்டும் என்று அப்பா ஆசைப்படுகிறார். உயிரோடு கொண்டு போக முடியுமா? வாளியில் கடல்தண்ணீர் ஊற்றி வைக்கவா?

கேரித்தீவு_பையன்

அக்கா, வாளி வேண்டாம். தேங்கிய தண்ணீரில் காற்று தீர்ந்து மூச்சு முட்டிச் செத்துவிடும். குழாய்த் தண்ணீர் அதைவிட மோசம். களி நண்டுக்கு ஈரம் இருந்தால் போதும், கட்டின கட்டோடு ஓரிரு நாள் தாங்கும். கோணிச்சாக்கைக் கடல்தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, நண்டுகளை அதில் சுற்றி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஐஸ் போடாதீர்கள், மூடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். வெயில் படாமல் காருக்குள்ளேயே இருக்கட்டும். நடுவில் எங்காவது பசியாற நின்றால் சாக்கைத் தொட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் கடல்தண்ணீர் தெளியுங்கள், ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டு போங்கள். மீனுக்கு மட்டும் நேர்மாறு, குடலும் செவுளும் எடுத்து முழுக்க ஐஸில் புதைத்துவிடுங்கள், இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

வழியில் செத்துப்போன நண்டு எப்போது செத்தது என்று தெரியாவிட்டால் சமைக்க வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

ராணி_அக்கா_பந்திங்

கவிதா, அம்மாவிடம் இதைச் சொல். வெட்டுவதற்கு முன் நண்டை அரை மணி நேரம் பிரீசரில் வைத்தால் அசைவு அடங்கிவிடும். உயிரோடு துடிக்கத் துடிக்க வெட்ட வேண்டியதில்லை, கொடுக்கும் காலும் தானாகக் கழன்று விழாது. ஓட்டைத் திறந்து பஞ்சுபோல் இருக்கும் செவுளை எடுத்துவிட்டு, கொடுக்கை அம்மிக்கல்லால் ஒரு தட்டுத் தட்டச் சொல், மசாலா உள்ளே இறங்க. காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும் அரைத்ததை எண்ணெய் பிரியும்வரை வதக்கியபின்தான் நண்டைப் போட வேண்டும், தண்ணீர் ஊற்றாதே, நண்டே விடும். மிளகும் சோம்பும் கடைசியில் இடித்துப் போட்டு, கறிவேப்பிலையைக் கை நிறையக் கிள்ளிப் போடச் சொல். மிஞ்சின கத்தாளைக்கு உப்புத் தடவி இரண்டு வெயில் காய வைத்தால் கத்திரிக்காயோடு கருவாட்டுக் குழம்புக்கு ஆகும்.